கிள்ளானுக்கு வடக்கே இத்தாலி

கிள்ளானுக்கு வடக்கே, மேரு என்கிற சிற்றூருக்குப் போகும் வழியில் இத்தாலி நாடு இருக்கிறது என்று முழு மனதோடு நம்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் தெருவில் இருந்தார். அந்த நல்ல மனிதரை ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்வரை என் பிணத்தைத் தேட வைத்தவன் நான். அவர் தேடிக்கொண்டிருந்தபோது நான் வீட்டில் ஆட்டிறைச்சிப் பிரட்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசியில் நடந்த விஷயம். இந்த வயதில் இதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அவர் ரயில்வே பார்சல் ஆபீசில் ரசீது எழுதும் கிராணி. பெற்றோர் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும்தான் புழக்கத்துக்கு வரும். மற்ற நாட்களில் தெருவுக்கெல்லாம் அவர் ‘இத்தாலி’தான். பல் டாக்டரிடம் காத்திருந்தபோது கையில் கிடைத்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையால் வந்த பெயர். அதில் சில படங்கள். மேடும் பள்ளமுமாகத் திராட்சைத் தோட்டங்கள், நடுவே வெள்ளைச் சரளைக்கல் பாதை, அதில் சைக்கிளில் போகும் ஒருவன், தூரத்துக் குன்றின்மேல் கல் கோபுரத்தோடு ஒரு பழங்காலத்துக் கிராமம். பல் பிடுங்கப் போனவர் அந்தப் பக்கங்களைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். பல் பிறகு தானாகவே விழுந்தது.

அடுத்த வாரம், பள்ளி ஆசிரியனான என் வீட்டுக்கு வந்து பக்கங்களை மேசையில் விரித்தார்.

“மாஸ்டர், இந்த ஊருக்குப் போக எதுக்கு ப்ளேன்? இந்தப் பாதை மாதிரி கல் சடக்கு கிள்ளான் பக்கம் நம்ம தோட்டத்துல இருக்கா இல்லியா?”

“இருக்கு அண்ணே.”

“குன்னு?”

“இருக்கு.”

“கோபுரம்?”

“தோட்டத்துல ஏதுண்ணே கோபுரம்?”

“தண்ணித் தொட்டி லா. தூரத்துல இருந்து பாத்தா என்ன வித்தியாசம்?”

“திராட்சை?”

“செம்பனை.”

“வைன்?”

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “தோட்டத்துல கள்ளுக்கடை இல்லாம என்னிக்கு இருந்துச்சு மாஸ்டர்?”

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் இத்தாலிப் பயணம். தன் கனத்த ராலே சைக்கிளைத் தன் கையாலேயே பார்சலாகப் பதிந்து ரயிலில் ஏற்றுவார். கிள்ளானில் இறங்கித் தோட்டத்துச் செம்மண் சரளைச் சடக்கைப் பிடிப்பார். படத்தில் இருந்தவன் போட்டிருந்த மாதிரி ஒரு கால்சட்டை வேண்டும் என்று எங்கள் தெருத் தையல்காரரிடம் கேட்டார். அவர் ரவிக்கை தைப்பவர். இருந்தாலும் மனம் தளராமல் குடைத்துணியில் ஒன்று தைத்துக் கொடுத்தார். இத்தாலி வருவதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்கலாம். சரசரவென்று யாரோ முறுக்குப் பொட்டலம் பிரிப்பது போலிருக்கும்.

அந்தக் கோலத்தைப் பார்த்த தோட்டத்து மக்கள், வீட்டுக்குள் கொசு மருந்து அடிக்கிற ஆள் வருகிறார் என்று முடிவுகட்டினார்கள். அவர் தலை தெரிந்ததும் தொழிலாளர் லயத்துப் பெண்கள் சோற்றுப் பானையையும் பிள்ளைகளையும் வெளியே தூக்கி வைப்பார்கள். அதை வரவேற்பு என்று நினைத்து இவர் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்வார்.

ஒரே ஒரு குறைதான் அவருக்கு. பயணத்தின் முடிவில், தோட்டத்தின் கடைசிக் கோடியில் ஒரு தண்ணித்தொட்டிக் குன்று. அதன் உச்சியில் நின்று பார்த்தால் படத்தில் இருப்பது அப்படியே தெரியும் என்பார். அங்கே அவரோடு இன்னொரு ஆள் ஏறியதே இல்லை. தெரு நாவிதர் பாதி வழியில், எண்ணெய் ஆலைக்குப் போகும் முள்ளுச் செம்பனைக் குலை லோரியில் ஏறித் திரும்பினார். முள் குத்திய இடத்தைச் சொல்ல அவர் கடைசிவரை மறுத்துவிட்டார். காப்பிக்கடை முதலாளி கள்ளுக்கடையோடு நின்றுவிட்டார். அதுதான் இத்தாலி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

“நான் மட்டும் பாத்தேன்னு சொன்னா பைத்தியம்னுதானே சொல்வாங்க மாஸ்டர்? ரெண்டு பேரு பாத்துட்டா, அது ஊரு.”

சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. நான் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த ஞாயிறு கள்ளுக்கடையில் ஒரு பீர் பாட்டில் நிறையக் கள் கேட்டார்.

“வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாதுண்ணே,” என்றார் கடைக்காரர்.

“இத்தாலில குடுப்பாங்க.”

“அப்ப அங்கயே போய் வாங்கிக்குங்க.”

எப்படியோ வாங்கிவிட்டார். உச்சியில் போய்த்தான் குடிக்க வேண்டும், படத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று வாயைத் தக்கையால் இறுக அடித்து, என் சைக்கிள் கேரியரில் கட்டினார். பொங்குகிற கள்ளை அடைத்து, உச்சி வெயிலில், சரளைக்கல் சடக்கில் குலுக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் பிறந்த எந்தக் குழந்தையும் சொல்லும். எங்களில் ஒருவர் கிராணி, ஒருவர் ஆசிரியர். எங்களுக்குத் தோன்றவில்லை.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களா வாசலைக் கடக்கும்போது வெடித்தது. காவல்காரர் துப்பாக்கிச் சூடு என்று நினைத்துத் தரையில் படுத்துவிட்டார். துரையின் நாய் அலமாரிக்கடியில் புகுந்துகொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கழுத்திலிருந்து கணுக்கால்வரை நான் கள்ளில் நனைந்திருந்தேன். ஈக்கள் என்னைத் தத்தெடுத்துக்கொண்டன.

“பரவால்ல மாஸ்டர், வாசனை மட்டும் வந்தா போதும்,” என்று சொல்லிவிட்டு இத்தாலி முன்னால் மிதித்தார்.

எனக்குப் பரவாயில்லாமல் இல்லை. அந்த லயங்களில் பாதி வீட்டுப் பிள்ளைகள், நான் தினமும் ரயிலேறிப் போய்ப் பாடம் நடத்திய கிள்ளான் பள்ளியில் படித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில் அவர்களுடைய ஆசிரியர் கள் நாற்றத்தோடு போனார் என்றால் திங்கட்கிழமை நான் எந்த முகத்தோடு கரும்பலகை முன்னால் நிற்பது? கடைசிக் குன்றின் அடிவாரத்தில், அவர் ஒரு திருப்பத்தில் மறைந்த நேரத்தில், பின்னால் ஒரு லோரி வந்தது.

“பாஸ், கிள்ளானுக்கா? ஏறுங்க லா,” என்றான் ஓட்டுநர். முகத்தைச் சுளித்துவிட்டு, “பின்னால ஏறுங்க,” என்றான்.

கூப்பிட்டிருந்தால் அவருக்குக் கேட்டிருக்கும். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் போகவிடமாட்டார் என்பது மட்டும் காரணமில்லை. எனக்குக் களைப்பாக இருந்தது; அவர் சொன்ன காட்சியில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. சைக்கிளைத் தூக்கிப் போட்டு ஏறிவிட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்துப் பேசும் பழக்கம் இல்லாதவர். குன்று ஏறும்வரை என்னிடம் பேசிக்கொண்டே போயிருக்கிறார். உச்சியில் சைக்கிளை நிறுத்தி, கையை நீட்டி, “இப்பப் பாருங்க மாஸ்டர்,” என்று சொன்ன பிறகுதான் திரும்பியிருக்கிறார்.

அதன்பின் நடந்ததைப் பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். லயத்து ஆட்களைத் திரட்டி, தகரத்தைத் தட்டிக்கொண்டு, செம்பனை வரிசைகளுக்குள் “மாஸ்டர், மாஸ்டர்” என்று கூவிக்கொண்டு தேடியிருக்கிறார். பெரிய கால்வாயில் இரண்டு இளைஞர்கள் முங்கிப் பார்த்தார்கள். முந்தின வாரம் மலைப்பாம்பைக் கண்டதாக யாரோ சொன்னதும் இத்தாலி சடக்கிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

விளக்கு வைத்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு என் வீட்டு வாசலில் லோரி நின்றது. என் மனைவி கதவைத் திறந்தாள். சேறும் கிழிந்த குடைத்துணியுமாக இத்தாலி. பின்னால் தோட்டத்து ஆட்கள் நான்கைந்து பேர், தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி.

“தங்கச்சி, மனசத் திடப்படுத்திக்கம்மா.”

“எதுக்குண்ணே?”

“மாஸ்டரு…”

உள்ளேயிருந்து நான், “யாரு அது?” என்று கேட்டபடி, பல்குச்சியோடு வந்தேன்.

தோட்டத்துப் பெரியவர் ஒருவர் மெல்லக் குனிந்து என் பாதம் தரையில் படுகிறதா என்று பார்த்தார். “கால் தரையில பாவுது,” என்றார் மற்றவர்களிடம், சற்று ஏமாற்றத்தோடு.

“நாள் பூரா வெயில்ல தேடிருக்கோம், இந்த ஆளு பல்லுக் குத்துறாரு,” என்று ஒருவர் முன்னால் வந்தார். இத்தாலி அவரைக் கையால் தடுத்தார்.

“விடுப்பா. மாஸ்டருக்குத் திடீர்னு வயித்து வலி வந்திருக்கும். அதான் கிளம்பிட்டாரு. இல்லியா மாஸ்டர்?”

“ஆமாண்ணே, பயங்கர வலி,” என்றேன்.

“மூணு தடவ பிரட்டல் வாங்கிச் சாப்பிட்டாரே,” என்றாள் என் மனைவி.

இத்தாலி என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். “சாப்பிட்டாச்சுல்ல? நல்லது,” என்று சொல்லிவிட்டுச் சரசரவென்று நடந்து போனார்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. தெருவில் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். அவர் அங்கிருந்தே கையைத் தூக்கிக் காட்டுவார். அதன்பிறகு என்னை மட்டுமல்ல, யாரையுமே அவர் கூப்பிடவில்லை. தனியாகப் போய்த் தனியாக வந்தார். எனக்குத் துணிச்சல் வருவதற்குப் பல வருடங்கள் ஆயின. ஒருநாள் பார்சல் ஆபீசுக்கே போய், “அண்ணே, இந்த ஞாயிறு குன்னுக்குப் போலாமா?” என்று கேட்டேன்.

அவர் ரசீதிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “குன்னு ஏது மாஸ்டர்? தொழிற்பேட்டை வருது. மண்ண வெட்டி அள்ளிட்டாங்க. அதுவும் உங்கள மாதிரியே லோரி ஏறிப் போயிடுச்சு.”

அவர் என்மேல் காட்டிய கோபம் அவ்வளவுதான். சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

கடைசியாக அந்தப் பேச்சு வந்தது தொண்ணூறுகளில், காப்பிக்கடையில். அவர் ஓய்வு பெற்றிருந்தார். அந்தப் படங்கள் மடித்து மடித்து நாலு துண்டாகியிருந்தன. பக்கத்து மேசைப் பையன்கள் அவரைச் சீண்டிக்கொண்டிருந்தார்கள்.

“அங்கிள், மேருல ஃபேக்டரிதான் இருக்கு. நீங்க சொல்ற இத்தாலிய வேற யாராச்சும் பாத்திருக்காங்களா?”

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன்.

“நான் பாத்திருக்கேன். இவருகூட ஏறிப் போயி, உச்சியில நின்னு பாத்தேன். அப்படியே படத்துல இருக்கிற மாதிரிதான்.”

பையன்கள் அடங்கிவிட்டார்கள். ஆசிரியர் வேலைக்கு அந்த ஒரு மரியாதை மிச்சம் இருந்தது. இத்தாலி என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினார்.

“அன்னிக்குன்னு பாத்து எதிர்க்காத்து வேற. பாவம் மாஸ்டர், மேல ஏறுறதுக்குள்ள மூச்சு வாங்கிட்டாரு.”

உண்மைதான். குன்றின் உச்சியில் அவர் கையை நீட்டிக் காட்ட, பக்கத்தில் நின்ற எனக்கு மூச்சு வாங்கியது இன்றைக்கும் நன்றாக நினைவிருக்கிறது.