நொட்டை சொல்லி வாங்கிய சேவல்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாய் மட்டும் உண்டு. அந்த வாய் என்னை எங்கெல்லாம் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தால் பொழுது போதாது. அதனால் ஒரே ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன். அது செம்பட்டியில் ஒரு வீட்டு ஹால். என் மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீடு. (நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் இப்போதே சிரிக்கிறாள். விடுங்கள், அவளிடம் பிறகு வருவோம்.)

என் மகன் சரவணன் நாகல் நகரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். தங்கமான பிள்ளை. அவன் அக்காள் பிள்ளைகள் எனக்கே செல்போன் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டார்கள், இவனுக்கு மட்டும் பெண் அமையவில்லை. ஜாதகம் பொருந்தினால் பெண்ணுக்கு லோடு ஆட்டோ பிடிக்காது. லோடு ஆட்டோ பிடித்தால் ஜாதகம் பொருந்தாது. ஒரு இடத்தில் இரண்டும் பொருந்தி, நான் பேசிய பேச்சில் தட்டிப்போனது. (பெண்ணின் அத்தை கொஞ்சம் குண்டு. அதை நான் பாராட்டாகத்தான் சொன்னேன்.) கடைசியாக செம்பட்டியில் ஒரு வரன் வந்தது. வெள்ளிக்கிழமை நாங்கள் வருவதாகத் தரகர் அங்கே சொல்லிவிட்டார்.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே எனக்குப் பொண்ணு பாக்காதம்மா" என்றான் சரவணன். விளையாட்டாகச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னான்.

அந்த வாரத்தில்தான் என் போனை வாங்கி எதையோ அழுத்திக் கொடுத்தான். "எம்மா, உனக்குத்தான் கோழின்னா உசுராச்சே. இது சேவல் ஏலம் விடுற குரூப்பு. சும்மா பாத்துக்கிட்டு இரு." (தாய் மேல் என்ன பாசம் என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.)

திறந்து பார்த்தேன். ஆத்தி! அய்யலூர் சந்தையில் காலமெல்லாம் கோழி வாங்கி விற்றவள் நான். சந்தை என்றால் விடியுமுன் பஸ், கூச்சல், தோளில் இடி. இங்கே ஒரு சந்தையே என் உள்ளங்கைக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது! சிறுமலைக்காரர் ஒரு விலை வைக்கிறார், அடுத்த நிமிடம் துபாயில் இருந்து ஒருவர் அதை ஏற்றுகிறார். துபாய்க்காரருக்கு அங்கே எதற்குச் சேவல் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. எல்லாம் கிளிமூக்குச் சேவல்கள். கிளி மாதிரி வளைந்த மூக்கு, தரையைக் கூட்டுகிற வால், ராஜ நடை. வீடியோவில் அவை நடந்து வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

ஏலம் விட்டது ஒரு பெண்பிள்ளை. முகம் தெரியாது, குரல் மட்டும்தான். "அண்ணே, அஞ்சு மணியோட முடிஞ்சிரும். அதுக்கப்புறம் போட்டாச் செல்லாது. அழுதாலும் செல்லாது." அடேயப்பா, என்ன குரல்! சந்தையில் இருந்தால் எங்கள் ஏலக்காரர்கள் எல்லாரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

எழுத்து தெரியாதே தவிர எனக்கு எண் தெரியும். முட்டை விற்றுச் சேர்த்த பணமும் இருந்தது. இறங்கினேன். சந்தையில் நெஞ்சு இறகை ஊதிப் பார்த்துத்தான் கோழி வாங்குவேன். இங்கே போனை ஊதிப் பார்த்தேன், கண்ணாடியில் ஆவிதான் படிந்தது. சந்தையில் விலை கேட்டுவிட்டு வேண்டாம் என்று நடையைக் கட்டினால், விற்கிறவன் பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு வருவான். இங்கே வேண்டாத மாதிரி போனைக் கவிழ்த்து வைத்தேன். நிமிர்த்திப் பார்த்தபோது சேவல் துபாய்க்குப் போயிருந்தது. அடுத்த நாள் உஷாராக இருந்தேன். கார் படம் போட்ட ஒருவன் அதுவரை மூச்சு விடாமல் இருந்துவிட்டு, ஐந்து அடிக்கப் போகிற நேரத்தில் நூறு ரூபாய் கூட்டி வைத்துக் கொத்திக்கொண்டு போனான். நான் எண்ணை அழுத்தினால் ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, ஏலம் முடிகிறவரை சுற்றுகிறது.

மூன்றாவதாக வந்ததுதான் என் ராஜா. செவலை நிறம். பார்த்ததும் மனசு போய்விட்டது. இந்த முறை கடைசி ஆயுதத்தை எடுத்தேன். எந்தச் சந்தையிலும் தோற்காத ஆயுதம், நொட்டை சொல்வது; குறை சொல்லியே விலையை இறக்குவது. மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினேன்.

"ஏலே அப்புகளா, இதெல்லாம் ஒரு சேவலா? காலப் பாத்தீகளா, கோணலா இருக்கு. கிளிமூக்காம்! எங்க வீட்டு அருவாமணை இதவிட அழகா வளைஞ்சிருக்கும். இது கூவுனா பக்கத்துல படுத்திருக்க கோழி கூட எந்திரிக்காது. தீனி போட்டு வளத்தாகளா, இல்ல பட்டினி போட்டு வளத்தாகளா?"

குரூப்பில் தொகை மட்டும்தான் போட வேண்டும், பேசக் கூடாது என்று மேலே எழுதியிருந்ததாம். (எழுதியிருந்தால்? எனக்கு யார் படித்துச் சொன்னது?) நான் ஆரம்ப விலையை அழுத்தினேன், அதற்கு மேல் ஒருவரும் ஏற்றவில்லை. கார் படக்காரன் கூட கடைசி நிமிடத்தில் வரவில்லை. சேவல் எனக்கே விழுந்தது, அதுவும் ஆரம்ப விலைக்கு! என் வாய்க்கு துபாய் வரை பவர் இருக்கிறதே என்று எனக்கே மலைப்பாக இருந்தது.

அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "சேவல் உங்களுக்குத்தாம்மா. ஆனா இம்புட்டு நொட்டை சொல்லிட்டு எதுக்கு வாங்குறீக?"

"பாவம், அனாதையா நிக்குதேன்னு எடுத்துக்கிறேன் தாயி" என்றேன்.

செம்பட்டியில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள். அட, வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம்தானே போகிறோம் என்று சந்தோஷப்பட்டேனே தவிர, என் மரமண்டைக்கு வேறொன்றும் தோன்றவில்லை. சரவணனிடமும் சொல்லவில்லை. திரும்பும்போது சேவலைக் காட்டி அவனை அசத்தலாம் என்று நினைப்பு. பூ, பழத்தை ஒரு பெரிய கோழிக் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டேன்.

"அங்க வந்து வாயத் திறந்த, நான் பாதியில எந்திரிச்சு வந்துருவேன்" என்றார் என் வீட்டுக்காரர். திறக்கவில்லை. பெண்ணின் அப்பா வாங்க என்றார், கும்பிட்டேன். தண்ணீர் கொடுத்தார், தலையாட்டினேன். "அம்மா ரொம்ப அமைதி போல" என்று அவர் மெச்சிக்கொண்டார். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பி இருமினார்.

பெண் காபித் தட்டோடு வந்தாள். அந்த நேரம் பார்த்துக் கொல்லைப்பக்கம் ஒரு கூவல். செம்பட்டியே அதிர்ந்தது. திறந்திருந்த பின்வாசலில் செவலைச் சேவல் ராஜ நடையோடு வந்து நின்றது.

"ஆத்தி! என் சேவலு!" என்று கத்திவிட்டேன்.

காபித் தட்டு அப்படியே நின்றது. என் குரலை அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. "காலு கோணலா இருக்காத்தே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றாள் பெண். அதே குரல், ஏலக் குரல்!

பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். "முட்டையில இருந்து பாத்துப் பாத்து வளத்த சேவலு. பட்டினி போட்டு வளத்தேன்னு ஊரு பூராம் கேக்கச் சொன்னது நீங்கதானா?"

சரவணனைப் பார்த்தேன். அன்று சோற்றைப் பிசைந்தபோது இருந்த அதே முகம். என் வாயால் என் பிள்ளையின் வாழ்க்கை போச்சு என்று கண் கலங்கிவிட்டது.

அவன் எழுந்தான். "அம்மா மேல தப்பில்லங்க. இது உங்க குரூப்புன்னு அதுக்குத் தெரியாது. நான்தான் சேத்து விட்டேன். என் நம்பரு உங்ககிட்ட இருக்கு, கண்டுபிடிச்சிருவீகன்னுதான் அம்மா போன்ல."

"எதுக்கு?" என்றார் அவர்.

அவன் தரையைப் பார்த்தான். "பொண்ணுதான் குரூப்புல சேவல் ஏலம் விடுறாகன்னு தரகர் சொன்னாரு. குரலக் கேக்கலாம்னு."

(அடப்பாவி, தாய்ப் பாசம் என்று நான் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேனே!)

"கேட்டீங்களா?" என்றாள் அவள்.

"அம்மா தூங்குனதும் தினம் எடுத்துக் கேட்டேன்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "அப்ப எந்திரிச்சது எந்திரிச்சீங்க, அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்து காட்டுங்க. காலு கோணலான்னு நானும் பாக்கணும்ல."

மாப்பிள்ளையை நடக்கவிட்டுப் பார்த்த பெண்ணை நான் எங்கேயும் கண்டதில்லை. என் பிள்ளை நடந்தான். நடந்தவன் என் கோழிக் கூடையில் இடறி, வாழைப்பழத்தோடு விழுந்தான். முதலில் சிரித்தது அவள் அப்பாதான்.

"மூக்கு சுமாருதான்" என்றாள் அவள். "பரவால்லப்பா. பாவம், அனாதையா நிக்கிறாருன்னு எடுத்துக்கிறேன்."

அவள் பெயர் மகேஸ்வரி. இதை எழுதிக்கொண்டிருக்கிறவள் அவள்தான். சந்தையில் சொன்ன நொட்டை சந்தையோடு காற்றில் போய்விடும், போனில் சொன்னது சாகாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். அன்று நான் பேசியதை அவள் தன் போனில் அலாரமாக வைத்திருக்கிறாள். தினமும் விடியற்காலையில் என் வீட்டுக்குள்ளேயே என் குரல் எழும்புகிறது: "ஏலே அப்புகளா, இதெல்லாம் ஒரு சேவலா?"

அது முடிவதற்குள் கொல்லையில் இருந்து என் ராஜா பதில் கூவுகிறான். கோழி எழுந்திருக்கிறதோ இல்லையோ, நாகல் நகரில் எங்கள் தெருவே எழுந்திருக்கிறது.