வக்கீலய்யா போடப்போகும் ரோடு

மோகனூர்

ஓமலூர் மாப்பிள்ளை தனபால் அவர்களுக்குச் சின்னண்ணன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் இரண்டு எருமைகளும் சுகம். உங்கள் சுகத்துக்கும் என் தங்கை ஜோதியின் முழங்கால் சுகத்துக்கும் எழுதவும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனை எவன் ஒட்டுக் கேட்கிறானோ, யார் கண்டது? கவர் பிரிந்திருந்தால் உடனே தெரிவிக்கவும்.

விஷயம் நம் வக்கீல் அன்பழகனைப் பற்றியது. எனக்கும் பக்கத்துத் தோட்டத்துச் சென்னியம்மாளுக்கும் நடுவே கிடக்கும் வண்டித்தடம் யாருடையது என்று பத்தொன்பது வருடமாக நாமக்கல் கோர்ட்டில் எனக்காகக் கேஸ் நடத்துகிறவர். தீர்ப்பு வரும்வரை தடத்தில் வண்டி போகக்கூடாது என்று தடை. அதனால் இத்தனை வருடமும் கரும்பை மெயின் ரோடு வரை ஆள் வைத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவருகிறேன். அவர் மொபெட்டில் வந்த காலத்திலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சர்வேயர் அளக்க வந்த அன்று என் வரப்பில் ஏறி நின்று, "விவசாயிக்கு வழி எங்கே?" என்று முழங்கினார். வேடிக்கை பார்த்த கூட்டம் கை தட்டியது. சென்னியம்மாளும் சேர்ந்து தட்டினாள். அதோடு கேஸ் நின்றுவிட்டது, வக்கீல் மட்டும் போய்க்கொண்டே இருந்தார். கட்சியில் ஒன்றியம், மாவட்டம், இப்போது எம்.எல்.ஏ. கறுப்புக் கோட்டு போய் வெள்ளை வேட்டி வந்ததே தவிர பழக்கம் போகவில்லை. போன வாரக் கூட்டத்தில் ஒரு அம்மா குடிதண்ணீர் கேட்டதற்கு, "அடுத்த மாசம் பதினாலாந் தேதி பார்க்கலாம்" என்று வாய்தா கொடுத்திருக்கிறார்.

முந்தாநாள் ஆறு காரோடு என் வீட்டுக்கு வந்து, "சின்னண்ணே, ரெண்டு பேருங் கேஸ வாபஸ் வாங்கிருங்க. அந்தத் தடத்துல தார் ரோடே போட்டுத் தாரேன், பத்தே நாள்ல" என்றார். பத்தொன்பது வருடத்தில் நடக்காதது பத்து நாளில் எப்படி நடக்கும், மாப்பிள்ளை? ஒன்று அன்றைக்கு ஏமாற்றியிருக்கிறார், இல்லாவிட்டால் இன்றைக்கு ஏமாற்றுகிறார். அப்புறம் நேராச் சென்னியம்மா ஊட்டுக்குப் போனாரா, போனவரு முக்கா மணி நேரம் வெளிய வரலைங்க. நான் சோளத்தட்டுப் போருக்குப் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அந்தம்மா எளநி வெட்டிக் குடுக்குது, இவரு சிரிக்கறாரு. என்ற ஊட்டுல டீ குடிக்கக்கூட நேரமில்லைன்னவரு! ரெண்டு பேருங் கூட்டு. ரோடுங்கற சாக்குல என் பக்கம் நாலடிய முழுங்கப் பாக்கறாங்க. வெள்ளிக்கிழமை ரோட்டுக்கு அளக்க ஆள் வருகிறதாம், தவறாமல் வந்து சாட்சியாக நில்லுங்கள். விஷயம் சென்னியம்மாள் காதுக்குப் போகவே கூடாது.

காந்தமலை முருகன் உங்கள் வீட்டில் எல்லோரையும் காக்கட்டும். கனிஷ்காவுக்குத் தாய்மாமனின் ஆசிகள்.

இப்படிக்கு,
சின்னண்ணன்

பின்குறிப்பு: மேலே சென்னியம்மாளைப் பற்றி எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். கவரை ஒட்டப்போன நேரத்தில் அந்த அம்மாளே வந்துவிட்டது. பத்தொன்பது வருடத்தில் முதல் பேச்சு. "ஏனுங்கண்ணா, உங்க வக்கீலு எனக்கு எதுக்குங்க ரோடு போடறாரு? நீங்க ரெண்டு பேருஞ் சேந்து என்னமோ பண்றீங்கன்னு எனக்குப் பட்டுதுங்க. அதாங்க எளநியக் குடுத்து நோண்டிப் பாத்தேன்" என்றது. என்னைப் போலவே யோசிக்கும் மனுஷியை இத்தனை நாள் எதிரியாக நினைத்துவிட்டேனே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே இருவரும் ஒரே பஸ்ஸில் நாமக்கல் போய், ரோட்டுக்குத் தடை கேட்டுச் சேர்ந்து மனுப் போட்டுவிட்டோம். இந்த வருடமும் கரும்பு தலைச்சுமைதான், போகட்டும். நீங்கள் வெள்ளிக்கிழமை வர வேண்டாம், வாய்தா தேதி தெரிந்ததும் எழுதுகிறேன். புது வக்கீல் யாழினி என்ற பெண். கோர்ட்டு வாசலிலேயே எங்கள் கஷ்டத்தை அவ்வளவு உருக்கமாகப் பேசியது. சுற்றி நின்றவர்களில் நாலு பேர் கை தட்டினார்கள். அதுதான் மாப்பிள்ளை, இப்போது எனக்கு லேசாகச் சந்தேகமாக இருக்கிறது.