இல்லாத மாமி செய்த ஜிமிக்கி

"ராமானுஜம் சார், அடுத்த வாரம் உங்காத்து மாமியைக் கையோட கூட்டிண்டு வரணும். சாக்குப்போக்கெல்லாம் கூடாது, சொல்லிட்டேன்!"

விசாலாக்ஷி டீச்சர் இப்படிக் கறாராகச் சொன்னதில் ராமானுஜத்துக்கு ஒரே ஒரு சங்கடம்தான். அவருக்கு மாமி கிடையாது. கல்யாணமே ஆகவில்லை.

வயது நாற்பத்தாறு. மயிலாப்பூர் மாட வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒற்றை அறை, இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா வேலை. தங்கைகளுக்கெல்லாம் கல்யாணம் பண்ணி முடித்து நிமிர்ந்து பார்த்தபோது தலையில் பாதி முடி போயிருந்தது. இப்பேர்ப்பட்ட மனுஷர் போன வருஷம் தீவுத்திடல் பொருட்காட்சியில் ஒரு ஸ்டால் முன்னால் சும்மா நின்றார். உள்ளே விசாலாக்ஷி ஒரு துளி சிவப்புக் களிமண்ணை விரலால் உருட்டினாள், தட்டினாள், சுருட்டினாள். ரோஜாப்பூ ஆகிவிட்டது.

ஆற்றங்கரைக் களிமண் இல்லை அது. பாலிமர் களிமண், மஸ்கட்டில் வேலை பார்க்கும் அவள் கணவர் அனுப்புகிறாராம். கம்மலோ தோடோ செய்து, கேக் சுடுகிற மின்சார அடுப்பில் கொஞ்ச நேரம் வைத்தால் கெட்டியாகிவிடும். அன்றைக்கு அந்த ரோஜா கெட்டியானதோ இல்லையோ, ராமானுஜம் இளகிப் போனார்.

இன்னொருத்தர் மனைவி என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். தப்பாக ஒரு வார்த்தை பேசுகிற ஆளில்லை. வாரம் ஒரு தரம் எதிரே உட்கார்ந்து அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றுதான் ஏங்கினார். ஆனால் தி. நகரில் அவள் வீட்டு மாடியில் நடந்த வகுப்பின் வாசலில் 'பெண்களுக்கு மட்டும்' என்று போர்டு தொங்கியது.

"எனக்கில்லை டீச்சர், என் ஆத்துக்காரிக்கு. முழங்கால் வலி, மாடிப்படி ஏற மாட்டா. நான் கத்துண்டு போய்ச் சொல்லித் தரேன்" என்று வாய் தானாகப் புளுகியது.

"மாமி பேரு?"

சுவரில் ஒரு பாத்திரக் கடைக் காலண்டர் தொங்கியது. "ஜோதிலட்சுமி!"

"ஆத்துக்காரிக்காக இவ்வளவு பண்றவா இந்தக் காலத்துல யாரு இருக்கா!" என்று டீச்சர் உருகி, ஓரமாக ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தாள்.

வந்தது வினை. மாமிக்குச் சரியாகச் சொல்லித் தருகிறாரா என்று பார்க்க, மாமி செய்ததையும் கொண்டு வரச் சொன்னாள். இரண்டும் ஒரே கை என்று தெரிந்துவிடக் கூடாதே! வகுப்பில் வேண்டுமென்றே கோணலும் மாணலுமாகச் செய்தார். வீட்டில் உயிரைக் கொடுத்து ஜிமிக்கி செய்து, மின்சார அடுப்பு இல்லாததால் சுடாமலே டிபன் பாக்ஸில் வைத்து, 5B பஸ்ஸில் பச்சைக் குழந்தையைப் போல் மடியில் ஏந்திக்கொண்டு போனார்.

"அடடா, மாமிக்கு என்ன கை! கோச்சுக்காதீங்கோ சார், நீங்க பண்ணினது காஞ்சு சுருண்ட அப்பக்கொடி வத்தல் மாதிரி இருக்கு."

ராமானுஜத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இல்லாத பெண்டாட்டி மேல் பொறாமைப்பட்ட முதல் மனுஷர் அவராகத்தான் இருக்கும். இப்போது அந்தக் கைகாரியை நேரில் பார்த்தே தீருவேன் என்று டீச்சர் ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

அடுத்த வாரம் தனியாகத்தான் போனார். "அவ ஆதம்பாக்கத்துல அக்கா ஆத்துக்குப் போயிருக்கா. வர பத்து நாளாகும்." சொல்லிக்கொண்டே பழக்க தோஷத்தில் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டார். உள்ளே புத்தம் புது நெக்லஸ்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஃப்சருன்னிசா அதைத் தொட்டுப் பார்த்தாள். "ஊர்ல இல்லாதவங்க இதை எப்படி சார் செஞ்சாங்க? இப்பதான் பிசைஞ்ச மாதிரி மெத்துனு இருக்கே!"

"அது... நேத்து திரும்பி வந்துட்டா. வந்ததும் அம்மை போட்டுடுத்து!"

அவ்வளவுதான். பெண்கள் அத்தனை பேரும் சுவரோரம் ஒண்டினார்கள்.

"அம்மை போட்ட வீட்டுலேருந்து இங்கே எதுக்கு சார் வந்தீங்க?" என்று அஃப்சருன்னிசா அலறினாள்.

"தலைக்குத் தண்ணி விட்டு முடியற வரைக்கும் இந்தப் பக்கமே வராதீங்கோ" என்றாள் டீச்சர், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

அந்த நாட்களை ராமானுஜம் எப்படித் தள்ளினார் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆபீஸ் விட்டதும் தி. நகருக்குப் பஸ் ஏறுவார். எதிர்ச்சாரி டீக்கடையில் நின்றுகொண்டு மாடி ஜன்னலையே பார்ப்பார். ஒரு தரம் ஜன்னலை மூட அவள் கை மட்டும் வெளியே வந்தது. அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு வழியாக இல்லாத அம்மை இறங்கி, வகுப்புக்குப் போனார்.

"நாளைக்கு நானே இளநீர் வாங்கிண்டு உங்காத்துக்கு வரேன்" என்றாள் டீச்சர்.

"வேண்டாம் டீச்சர்! அவ... கோவிச்சுண்டு பொறந்தாத்துக்குப் போயிட்டா!"

வகுப்பே அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தது. "அம்மையில விழுந்து எழுந்தவளைப் போய் என்ன சொன்னேள்? விலாசத்தைக் கொடுங்கோ. நானே போய் சமாதானம் பண்ணி அழைச்சுண்டு வரேன். பிரிஞ்சு இருக்கற கஷ்டம் எனக்குத் தெரியாதா?"

அந்தக் கடைசி வார்த்தையில் ராமானுஜம் உடைந்து போனார். எல்லாரும் கிளம்பிப் போகிற வரைக்கும் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், ஜோதிலட்சுமிங்கறது பாத்திரக் கடை. எனக்குக் கல்யாணமே ஆகலை. அத்தனை ஜிமிக்கியும் நான் பண்ணினதுதான்."

"எதுக்கு இந்த நாடகம்?"

"உங்களைப் பார்த்துண்டு உட்கார்ந்திருக்கணும்னுதான். வேற ஒண்ணும் நினைக்கலை." டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தார். "நினைச்சேன். பொய் சொல்லி அலுத்துப் போச்சு டீச்சர். தினமும் நினைச்சேன்."

விசாலாக்ஷியின் முகம் வெளிறிவிட்டது. "கல்யாணம் ஆன மாதிரி ஊரையே ஏமாத்தறதா? அது... அது எவ்வளவு பெரிய பாவம்..." குரல் நடுங்கி, பாதியிலேயே நின்றுவிட்டது. உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். உள்ளேயிருந்து விசும்பல் கேட்டது.

ஒரு குடும்பப் பெண்ணை அழ வைத்துவிட்டோமே என்று ராமானுஜம் தன்னையே திட்டிக்கொண்டார். தட்டுத் தடுமாறிப் படியிறங்கினார். கீழே குழாயடியில், டீச்சர் வீட்டு வேலைக்காரி தேவானை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார், மூஞ்சி இப்படிக் கீது? மேல அம்மா வேற அழுவுது?"

"எல்லாம் என்னாலதான் தேவானை. இனிமே இந்தப் பக்கம் வர மாட்டேன். நாளைக்கு மஸ்கட்டுலேர்ந்து அவா ஆத்துக்காரர் வந்தா, அவர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

தேவானை சாம்பல் கையோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தனியா கீற பொம்பளைக்கு இந்தத் தெருவுல யாரு சார் வூடு குடுப்பா? மஸ்கட்டாவது மண்ணாங்கட்டியாவது! அந்தம்மா கழுத்துல தொங்குற தாலியே, மேல கீற கேக்கு அடுப்புல என் கண்ணு முன்னாடி சுட்டதுதான்!"