இராயப்பராக வந்த நீரோ

இனிமேல் ஒரு பழைய காசுகூட வாங்குவதில்லை என்று மனைவி மகதலேனாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குமாஸ்தா இக்னேஷியஸ். சத்தியம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரன் விரித்திருந்த துணியில் நீரோ கிடந்தான். ரோமாபுரிச் சக்கரவர்த்தி. அலெக்சாந்திரியாவில் அடித்த காசு. தலையில் கதிர் கதிராய்க் கிரீடம். அவ்வளவு தூரம் வந்தவனை எப்படி விட்டுவிட்டு வருவது?

வீட்டில் ஏற்கெனவே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அந்த வருஷத்து ஒரே இலவச ரயில் பாஸில் சிங்கப்பூர் போய் இன்னும் சில சக்கரவர்த்திகளைப் பிடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. புக்கிட் மெர்தாஜாமில் மாதாவைப் பெற்ற அன்னம்மாள் கோயில் திருநாளுக்குப் போக வேண்டும் என்பது அவள் கட்சி. இந்த நேரத்தில் சட்டைப்பையில் இருந்த நீரோ அவள் கையில் அகப்பட்டான்.

"என்னங்க இது?"

வேலை அலுப்பு. சண்டை போடத் தெம்பில்லை. பொய் தானாக வந்தது.

"பதக்கம்லா. ரோம்ல மந்திரிச்சது. அர்ச்சியசிஷ்ட இராயப்பர்."

"தலையிலே என்ன முள்ளு முள்ளா?"

"ஒளிவட்டம்."

"கோயில்ல இராயப்பருக்கு நெஞ்சு வரைக்கும் தாடி. இவருக்கு மழமழன்னு இருக்கே?"

"வாலிபத்திலே எடுத்தது."

"கழுத்து ஏன் இப்படித் தடிச்சிருக்கு?"

"ஆண்டவர் கூப்பிடறதுக்கு முன்னே மீன் வலை இழுத்த உடம்பு இல்லே?"

மகதலேனா கோயில் உபதேசியார் மகள்; அர்ச்சியசிஷ்டர்கள் கதையெல்லாம் மனப்பாடம். காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவர் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை, பூசைக்குப் போய் வந்தவள், அவர் வேலைக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "பத்தர்கிட்டே குடுத்து இதிலே ஓட்டை போட்டுக் கழுத்திலே கட்டிக்கப் போறேன்."

ஆபீசில் அவருக்குப் பேனா ஓடவில்லை. ஓட்டை விழுந்த பழங்காசுக்கு மதிப்பேது? மத்தியான வெயிலில் பத்தர் பழனியப்பன் நகைப் பட்டறைக்கு ஓடினார்.

"அக்கா வரவே இல்லையே சார்," என்றார் பத்தர்.

வீட்டுக்கு ஓடினார்.

"லேனா, ஓட்டை போட்டுட்டியா?"

"போட்டா என்ன? பதக்கம்னா ஓட்டை வேணுமே."

"வேணாம்! அது இராயப்பர் இல்லே. நீரோ."

"இராயப்பரைத் தலைகீழாச் சிலுவையிலே அறைஞ்சானே, அந்தப் பாவியா?"

"அவனேதான்."

"தெரியும். காலையிலேயே, பூசை முடிஞ்சதும் சாமியார்கிட்டே காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சார்."

"அப்புறம் எதுக்கு ஓட்டைன்னே?"

"உங்க வாயாலேயே வரட்டும்னுதான். ஆனா ஒண்ணு. ராத்திரியே ஒரு நேர்ச்சை பண்ணிட்டேன். இராயப்பரே வீடு தேடி வந்துட்டார், திருநாளுக்கு ரெண்டு பேரும் புக்கிட் மெர்தாஜாம் வரோம்னு."

"வந்தது இராயப்பரே இல்லையே! நேர்ச்சை எப்படிச் செல்லும்?"

"நேர்ந்துகிட்டது அன்னம்மாளுக்கு. பொய் சொன்னது நீங்க. அவங்க என்ன பண்ணுவாங்க?"

இக்னேஷியஸ் நாற்காலியில் சரிந்தார். இவளோடு வாதாடி ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை.

"சரி, போவோம். காசைக் குடு."

"அந்தப் பாவியைக் கிறிஸ்தவ வீட்டிலே வைக்கலாமா? பக்கத்து வீட்டு இராஜம்மாகிட்டே இருக்கான். திருநாள் முடிஞ்சு வந்ததும் தருவா."

"பத்திரமா வச்சிருப்பாளா?"

"ஆணியும் சுத்தியலும் சேர்த்தே குடுத்திருக்கேன். நீங்க சிங்கப்பூர் ரயில்லே ஏறினதா சேதி வந்தா ஒரே அடி."

இக்னேஷியஸ் எழுந்து ஆபீசுக்கு நடந்தார். புக்கிட் மெர்தாஜாமுக்கு இரண்டு பேருக்குப் பாஸ் கேட்டார்.