தூங்குவதற்கு ஆள் தேவை

"இப்பத்தாம்மா கண்ணசந்தா. நான் எழுப்ப மாட்டேன்" என்றார் போனில் நடிகையின் அம்மா.

"அவங்க இங்க வந்து தூங்கணும் ஆன்ட்டி. அதுக்குத்தானே ஒத்துக்கிட்டாங்க?"

"எல்லாரும் பார்க்கத் தூங்கணுமேன்னு பயந்து பயந்தே புள்ளைக்கு இத்தனை நாளா பொட்டுத் தூக்கமில்ல. இப்ப அடிச்சுப் போட்ட மாதிரி கிடக்கா. உன் கண்காட்சி எக்கேடோ கெட்டுப் போகட்டும்!"

போன் வைக்கப்பட்டுவிட்டது. அவள் போனைப் பிடித்தபடி ஹால் நடுவில் நின்றாள்.

அந்த நவீனக் கலைக்கூடத்தில் அவள் ஃபெல்லோஷிப்பில் இருப்பவள். அதாவது, கண்காட்சி அமைக்கக் கற்றுக்கொள்ள வந்தவள். வேலையெல்லாம் உண்டு, நிரந்தரம் மட்டும் கிடையாது. முதன்முதலாக அவளே தனியாக அமைத்த கண்காட்சி இன்று பிற்பகல் திறக்கிறது. நன்றாக வந்தால் வேலையை உறுதி செய்வதாக இயக்குநர் சொல்லியிருந்தார். சொதப்பினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லித் தெரிய வேண்டியதுமில்லை.

கண்காட்சி என்றால் ஒரே ஒரு படைப்புதான். வெள்ளை ஹால். கூரையிலிருந்து தொங்கும் மெல்லிய வெள்ளைத் துணிகள். அவற்றினூடே கசிந்து இறங்கும் வெயில். நடுவில் ஒரு கட்டில், கட்டிலில் தூங்கும் ஒரு மனித உயிர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தால் மேகத்துக்குள் நடப்பது போலிருக்கும். எல்லாம் தயார், அந்த மனித உயிரைத் தவிர.

இதைப் படைத்த கலைஞரம்மா பொல்லாதவர். "தூக்கம் நிஜமா இருக்கணும். நடிச்சா இமையைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவேன்" என்று முன்பே எச்சரித்திருந்தார். வேறோர் ஊரில் எவனோ கள்ளத் தூக்கம் தூங்கினான் என்று, கூடியிருந்த கூட்டத்தின் முன்னாலேயே துணிகளைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டவர். அவரும் இன்று வருகிறார்.

நிஜத் தூக்கத்துக்கு எங்கே போவது? அவளுக்குச் சட்டென்று சித்தப்பா ஞாபகம் வந்தது. பஸ்ஸில் நின்றபடியே தூங்குவார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே தூங்கிப்போனவர். அப்படியொரு திறமை இத்தனை நாள் குடும்பத்துக்குள்ளேயே வீணாகிக்கொண்டிருந்தது!

சித்தப்பா சலவைச் சட்டையோடு வந்து சேர்ந்தார். "தூங்கினாப் போதுமா? வேற ஒண்ணும் பண்ண வேண்டாமே?" என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டு படுத்தார்.

சற்று நேரம் போனது. "ஏம்மா, தூக்கம் வரலையே" என்றார்.

"என்ன சித்தப்பா இப்படிச் சொல்றீங்க?"

"தூங்கக் கூடாத இடத்துலதான்மா எனக்குத் தூக்கம் வரும். இங்க எல்லாரும் தூங்கு தூங்குங்கறீங்க."

அவள் சூடாகப் பால் வாங்கிக் கொடுத்தாள். பால் அவரைப் பாத்ரூமுக்கு அனுப்பியது. வெயில் இறங்கும் கூரை ஜன்னல்களைத் திரை இழுத்து மூடி, விளக்குகளையும் அணைத்தாள். முதலில் வந்த பார்வையாளர் இருட்டில் கட்டில் காலில் மோதி, "ஐயோ அம்மா!" என்று அலறினார். அவள் ஓடிப்போய்த் திரையை விலக்கினாள். ஒட்டியிருந்த கொஞ்சநஞ்ச அசதியும் சித்தப்பாவுக்குப் பறந்துவிட்டது. இப்போது அவர் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை வாங்க வாங்க என்று வரவேற்கவே ஆரம்பித்துவிட்டார்.

"வீட்டுல எப்படித்தான் தூங்குவீங்க?" என்று கிட்டத்தட்ட அழுதாள் அவள்.

சித்தப்பா யோசித்தார். "உங்க சித்தி பேசிக்கிட்டே இருப்பா. நான் பாட்டுக்குத் தூங்கிடுவேன்."

சித்தி ஆட்டோவில் பறந்து வந்தார். வந்ததும் ஹாலை மேலும் கீழும் பார்த்தார். "இதுல நீ வரைஞ்சது எதுடி?"

"நான் வரையறதில்ல சித்தி. எது எங்க இருக்கணும்னு சொல்றதுதான் என் வேலை."

"அதைத்தானே நானும் வீட்டுல காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் சொல்றேன்? ஒருத்தர் காதுலயாவது ஏறுதா?"

கட்டிலருகே ஒரு முக்காலி போடப்பட்டது. சித்தி உட்கார்ந்தார், பேச ஆரம்பித்தார். சமையலறைக் குழாய் ஒழுகுவதிலிருந்து தொடங்கியது. பிளம்பர் வராதது, ஜன்னல் திரையைத் தையல்காரர் குட்டையாகத் தைத்தது, பக்கத்து வீட்டுக்காரி பார்த்தும் பார்க்காதது மாதிரி போனது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மதிய நேரத்து மின்விசிறி போல அந்தக் குரல் சுழன்றது. சித்தப்பாவின் கண்கள் மெல்ல மூடின. அவர் மார்பு சீராக ஏறி இறங்கியது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் சித்தியின் குரல் கட்டிலோடு நிற்கவில்லை. வெள்ளைத் துணிகளுக்கிடையே மிதந்து ஹால் முழுக்கப் பரவியது. பார்வையாளர் ஒருவர் சுவரோரம் உட்கார்ந்தார். ஒரு பெண் தோழியின் தோளில் சாய்ந்தாள், தோழி தூணில் சாய்ந்தாள். காவலாளி நின்றவாக்கிலேயே அசந்துபோனார். எல்லாவற்றையும் மதிப்பிட வந்த இயக்குநர் தரையில் காலை நீட்டி, கோட்டைத் தலைக்கு வைத்துக்கொண்டார். அடப்பாவமே, இவரை எழுப்புவதா, விடுவதா?

அவள் அவர் தோளைத் தொடக் கையை நீட்டிய நேரம் கலைஞரம்மா உள்ளே வந்தார்.

தூங்கும் கூட்டத்தைக் கண்டு அவர் புருவம் உயர்ந்தது. யாரையும் மிதிக்காமல் கட்டிலருகே போய்க் குனிந்து, சித்தப்பாவின் இமைகளையே உற்றுப் பார்த்தார். சித்தி யாரையும் சட்டை செய்யவில்லை.

"அன்னைக்கு ஸ்டேஷன்ல என்னையும் பெட்டியையும் பிளாட்பாரத்துல விட்டுட்டு நீங்க மட்டும் ரயில் ஏறிப் போனீங்களே, ஞாபகம் இருக்கா? அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி ஓட்டமா ஓடி வந்தீங்க, ஒரு கால்ல செருப்பு இல்லாம."

சித்தப்பாவின் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு அரும்பியது.

"கனவு" என்று கிசுகிசுத்தார் கலைஞரம்மா.

"அவ்வளவு கோவம் எனக்கு. ஆனா உங்க முகத்தைப் பார்த்ததும் அழுகையா வந்துடுச்சு. அன்னைக்குப் பிடிச்ச கையை நான் வீடு வர்ற வரைக்கும் விடவே இல்ல. இதை உங்ககிட்ட சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். எங்க, சொல்ல விட்டீங்க?"

சித்தப்பாவின் மூடிய கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் வழிந்து காதோரம் இறங்கியது. அதைப் பார்த்த கலைஞரம்மாவின் கண்களும் கலங்கிவிட்டன.

"எத்தனையோ ஊர்ல இதை வெச்சிருக்கேன்" என்றார் அவளிடம். "இப்படி ஒரு தூக்கத்தைப் பார்த்ததில்ல. துளி நடிப்பு இல்ல. எங்கிருந்து புடிச்ச இவரை?"

சத்தம் கேட்டு இயக்குநர் திடுக்கிட்டு எழுந்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "படைப்பை உள்வாங்கிக்கிட்டிருந்தேன்" என்றார். பிறகு கலைஞரம்மாவின் முகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நாளைக்கு வந்து என்னைப் பாரு. உன் வேலையை உறுதி பண்ணிடலாம். ஆனா கண்காட்சி முடியற வரைக்கும் இதே ஆள், இதே தூக்கம். மாறக் கூடாது."

கூட்டம் கலைந்தது. கொட்டாவி விட்டபடி ஆளாளுக்குச் செருப்பைத் தேடினார்கள். சித்தப்பாவும் வாசலில் குனிந்து தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தார். இருவரும் தினமும் வருவதென்றால் சும்மாவா? அவள் தயங்கித் தயங்கி, போர்வையை மடித்துக்கொண்டிருந்த சித்தியிடம் போனாள்.

"சித்தி, தினமும் இதே மாதிரி வந்து பேச முடியுமா? சிரமமா இருந்தா சொல்லிடுங்க."

"சிரமம் என்னடி சிரமம், கண்டிப்பா வரேன்" என்றார் சித்தி. "கல்யாணம் ஆனதுலேருந்து இன்னைக்குத்தான் மனுஷன் கடைசி வரைக்கும் தூங்காம நான் பேசினதைக் கேட்டிருக்காரு."