நவமணியின் வலது கால்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே ரிங்லெட் மேட்டு வளைவில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. முட்டைக்கோஸ் லோரி, பூ ஏற்றும் வேன், துரையின் டிரைவர் துரைக்குத் தெரியாமல் ஓட்டிவந்த ஜீப், கம்போங் ராஜாவிலிருந்து வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்த இரண்டு கார்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரி வாசலில்கூட இப்படி ஒழுங்கான வரிசையைப் பார்க்க முடியாது. எல்லாரும் மோட்டார்சாமியைப் பார்க்க வந்தவர்கள்.

மனிதர்களுக்குக் குறி சொல்லும் சாமிகள் அந்த மலையில் ஏற்கெனவே நாலைந்து பேர் இருந்தார்கள். தொழிலில் போட்டி அதிகம். மோட்டார்சாமி புத்திசாலி, இஞ்சினுக்குக் குறி சொன்னார். 1978-ல் மலேசியாவின் கேமரன் மலையில் ஓடிய வண்டிகளில் பாதி, கீழே எங்கெங்கோ ஓடி ஓய்ந்த பிறகு மேலே வந்தவை. மேடு, வளைவு, குளிர், அளவுக்கு மீறிய பாரம். மூச்சு வாங்காத வண்டியே கிடையாது. ஆகவே சாமிக்கு வேலையில்லாத ஞாயிறும் கிடையாது.

முறை எளிமையானது. பானெட்டைத் திறந்து, பாதி இஞ்சினைச் சிவப்புப் பட்டால் மூடுவார். இடது கையில் சாம்பிராணித் தட்டு. வலது கையில் ஈர வேப்பிலைக் கொத்து. அந்தக் குளிரில் வேப்பமரம் வளராது என்பதால் அம்பாளின் வேப்பிலை மலையடிவாரத் தாப்பாவிலிருந்து பஸ் ஏறி வரும். கொத்தோடு கை பட்டுக்குள் போகும். ஓடும் இஞ்சினை, குடும்பத்தில் ஒவ்வொருவராக உட்கார்ந்து மிதிக்க வேண்டும். யார் கால் பட்டதும் இஞ்சின் திணறி அடங்குகிறதோ, அவருடைய தோஷம்தான் வண்டியைப் பிடித்து இழுக்கிறது. அவரை வண்டியிலிருந்து விலக்கணும். முடிந்தால் வீட்டிலிருந்தும் விலக்கணும். அப்புறம் மூன்று வாரம் பூஜை. அதற்கு மேலும் வண்டி ஏறவில்லையா? தோஷம் கொஞ்சம் பழசு. இன்னும் மூன்று வாரம்.

போன ஞாயிறு இஞ்சின் அடங்கியது நவமணியின் காலுக்கு.

நவமணிக்கு முப்பத்தாறு வயது. புருஷன் இறந்து நாலு வருஷம். அவன் பேரில் வந்த இபிஎப் சேமநிதிக் காசில்தான் தம்பி தங்கையா அந்தப் பழைய சாம்பல் நிறக் காரை வாங்கி, லைசென்ஸ் இல்லாத டாக்ஸியாக ஓட்டிக்கொண்டிருந்தான். இரண்டு மாதமாக மேட்டில் வண்டி நடுங்கியது, குலுங்கியது, ஆளை இறக்கிவிட்டுத்தான் ஏறியது. காசு நவமணியுடையது. பாவமும் நவமணியுடையதாகிப்போனது.

"நான் என்னக்கா செய்யட்டும்?" என்றான் தங்கையா, அவள் முகத்தைப் பார்க்காமல். "கீழ பீடோர்ல மாமா வீடு இருக்குல்ல. கொஞ்ச நாள் இருந்துட்டு வாயேன். அடுத்த திங்கக்கிழமை லோரி போகுது."

"கொஞ்ச நாள்னா?"

அவன் துணியை எடுத்துக்கொண்டு காரைத் துடைக்கப் போனான். பதினெட்டு வருஷமாகக் கொழுந்து பறித்த மலை, அவள் சுண்ணாம்பு அடித்த தொழிலாளர் லயத்து வீடு, எல்லாம் ஒரு லோரியின் பின்பக்கத்தில் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

அதைவிட ஒன்று அவளை அரித்தது. யாருக்கும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் குழாயடியில் வலது காலை மட்டும் இரண்டு தரம் கழுவினாள். கல்யாணத்தன்று எல்லாரும் பார்க்க, முதலில் எடுத்து வைக்கச் சொன்ன கால். அந்தக் காலைப் பற்றித்தான் ஊர் பேசியது. பேசினால் பேசட்டும், தானே அதை ஒரு அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்க்க ஆரம்பித்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. ஒருவேளை உண்மையோ? இஞ்சின் நின்றதே. என் காலுக்குத்தானே நின்றது?

அவளை அனுப்பப்போகும் செய்தி நாகப்பன் காதுக்கு எட்டியது. தேயிலை பேக்டரியில் இஞ்சின்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர். கோயிலுக்குப் போகாதவர் என்று லயத்தில் கெட்ட பெயர். தண்ணி போடாதவர் என்பதால் அந்தக் கெட்ட பெயர் இன்னும் கெட்டுப்போயிருந்தது.

"தங்கச்சி, ஞாயித்துக்கிழமை வா. ஒரு மீட்டர் கொண்டாறேன்" என்றார்.

அப்படித்தான் அந்த ஞாயிறு, வரிசையில் தங்கையாவின் கார் முன்னால் வந்து நின்றதும், நாகப்பன் டூல்ஸ் பெட்டியோடு சாமி முன்னால் கைகட்டி நின்றார்.

"சாமி, உங்க சக்தியை நம்பாதவனெல்லாம் வாயடைச்சுப் போகணும். ஒவ்வொருத்தர் காலுக்கும் இஞ்சினோட மூச்சு எவ்வளவுன்னு இந்த மீட்டர் எண்ணுல காட்டும். பெரிசா போர்டு எழுதி மாட்டிக்கலாம் லா."

போர்டு என்ற சொல் சாமியின் காதில் தேனாக இறங்கியது. கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. "அம்பாளுக்குச் சோதனையா? நடக்கட்டும்" என்றார்.

இஞ்சின் ஏற்கெனவே மேடேறிச் சூடாக இருந்தது. நாகப்பன் அதை நிறுத்தி, நாலு பிளக்கையும் கழற்றி ஒரு துணியில் வரிசையாக வைத்தார். பொறி பாயாமலிருக்க, இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயரை உருவினார். முதல் பிளக் இருந்த ஓட்டையில் மீட்டரைத் திருகினார்.

"பத்த வைக்கப் போறதில்ல. சும்மா சுத்த விடப் போறோம். உள்ள நாலு சிலிண்டர், நாலு பேரு மாதிரி காத்தை இழுத்து அமுக்கறாங்க. நாலு பேருக்கும் ஒரே பலமான்னு பாக்கறதுதான் சங்கதி. தங்கையா, பெடலைத் தரையோட அமுக்கிப் பிடி. அப்பத்தான் காத்து போற கதவு முழுசாத் திறக்கும். ஸ்டார்ட்டரை இழு!"

கிர்... கிர்... கிர்... ஆறு சுற்று. முள் ஏறி நின்றது. நூற்றிருபது. சிகரெட் டப்பாவைக் கிழித்து அதில் எழுதிக்கொண்டார். இரண்டாவது, நூற்றிருபத்தைந்து. மூன்றாவது, ஐம்பது. நாலாவது, நூற்றிருபது.

மூன்றாவதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி சுற்றச் சொன்னார். முள் அதற்கு மேல் ஏறவில்லை, அதே ஐம்பது.

"பிஸ்டன் ரிங் தேஞ்சிருந்தா எண்ணெய் அடைச்சுக்கும், முள் ஏறும். ஏறல. வால்வு கருகிப்போச்சு. நாலு பேர்ல ஒருத்தன் நோயாளி. அதான் மேட்டில குலுங்குது."

கூட்டத்தில் முணுமுணுப்பு. இரண்டு டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சாமி சும்மா இருப்பாரா?

"வால்வு கருகிச்சுங்கறான். யாரால கருகிச்சு? அதைச் சொல்லுமா உன் மீட்டரு?" என்று உறுமினார். "அந்தப் பொம்பளையை ஏறச் சொல்லு! அம்பாளுக்குத் திரை போடணும்!"

பட்டு விரிந்தது. பிளக்குகள் இருந்த பக்கம் நாகப்பன். மறுபக்கம் பட்டுக்கு அடியில் சாமியின் கை, கையில் வேப்பிலை.

நவமணி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். பெடல் சில்லென்று இருந்தது. தரையோடு அழுத்தினாள். வாரம் முழுக்கக் கழுவிய கால். ஸ்டார்ட்டரை இழுத்தாள்.

கிர்... கிர்... கிர்...

"நாப்பது" என்றார் நாகப்பன். அவர் முகம் சுருங்கியது. "முதல்ல நூத்திருபது காட்டுனதே!"

இரண்டாவது, நாற்பது. மூன்றாவது, இருபது. நாலாவது, நாற்பது.

"ஆத்தா!" என்று கூவிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள் வரிசையில் நின்ற வேலம்மா. "மீட்டர் எண்ணே சொல்லுதே! நாலு பேரையும் படுக்க வச்சிட்டாளே இவ!"

கூட்டம் சாமியை நோக்கிக் கும்பிட்டது. தங்கையா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

நவமணி ஸ்டார்ட்டரிலிருந்து கையை எடுத்தாள். அப்போ நிஜம்தான். மீட்டருக்குச் சாமியையும் தெரியாது, என்னையும் தெரியாது. அது ஏன் பொய் சொல்லப்போகிறது? இறங்கிவிடலாம், லோரியில் ஏறிவிடலாம், யாருடைய முகத்தையும் பார்க்காமல் போய்விடலாம். காலைத் தூக்கப்போனவள் குனிந்து அதைப் பார்த்தாள். கெண்டைக்கால் நரம்பு இழுக்க, ஐந்து விரலும் வெளுத்துப்போய், பெடலைத் தரையோடு அது அழுத்திக்கொண்டிருந்தது. சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தது. பாவம், அதற்கு வேறு ஒன்றும் தெரியாது. நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குத் தன் மேலேயே இரக்கம் வந்தது. இரக்கத்தின் பின்னாலேயே ஒரு கேள்வியும் வந்தது.

"நாகப்பண்ணே!" ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "காலை முழுசா அமுக்கினா காத்துக்கதவு முழுசாத் திறக்கும்னீங்கல்ல?"

"ஆமா."

"என் கால் இன்னும் தரையிலதான் இருக்கு. வந்து பாருங்க. நான் கதவைத் திறந்துதான் வச்சிருக்கேன். அப்ப காத்தை வேற யாரோ அடைக்கிறாங்க. யாரு?"

நாகப்பன் சட்டென்று சாமி பக்கம் திரும்பினார். கையை நீட்டிப் பட்டை உருவினார்.

அம்பாள் அங்கே இல்லை. ஈர வேப்பிலைக் கொத்து இஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாயின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. அருள்வாக்குச் சொல்லும் கை அதை மேலிருந்து அமுக்கிக்கொண்டிருந்தது. கை அவசரத்தில் வெளியே வரப்பார்த்தது; மணிக்கட்டில் வளையலாகக் கட்டிய ருத்திராட்சம் எங்கோ மாட்டிக்கொண்டு வர மறுத்தது.

"இப்ப இழு தங்கச்சி" என்றார் நாகப்பன், கொத்தைத் தூக்கி வீசிவிட்டு. அதே கால். அதே பெடல். நூற்றிருபது. நூற்றிருபத்தைந்து. ஐம்பது. நூற்றிருபது. சிகரெட் டப்பாவில் முதல் வரிசையும் இந்த வரிசையும் அச்சடித்த மாதிரி ஒன்றாக இருந்தன.

முட்டைக்கோஸ் லோரிக்காரன் மெதுவாக, "அப்ப என் பொண்டாட்டி காலுக்கு நின்னுச்சே..." என்றான். அவள் மூன்று வாரமாகத் தாய் வீட்டில் இருந்தாள்.

நவமணி இறங்கினாள். வரிசையை ஒரு தரம் பார்த்தாள். பெரும்பாலான வண்டிகளில் ஓரமாக ஒரு பெண் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். மாமியார், மருமகள், வயசுக்கு வந்து கல்யாணம் ஆகாத பெண்.

"இத்தனை ஞாயிறா எத்தனை இஞ்சின் நின்னுச்சு?" என்றாள். "ஒரு தடவையாவது ஒரு ஆம்பளை காலுக்கு நின்னுச்சா? உங்கள்ல ஒருத்தருக்குமா அது தோணல?"

"எனக்குக்கூட தோணலையே" என்று அவளே மெல்லச் சொல்லிக்கொண்டாள். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

சாமி ருத்திராட்சத்தை இஞ்சினுக்கே காணிக்கையாக விட்டுவிட்டுத் தாப்பா பஸ்ஸில் ஏறினார். வேப்பிலை வந்த பஸ்தான். சில்லறை இல்லை என்று கண்டக்டரிடம் கெஞ்சியதாகக் கேள்வி.

நாகப்பன் பிளக்குகளை மாட்டி ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். வால்வு மாற்ற பேக்டரிக்கு வண்டி போக வேண்டும், மேடு. மூன்று கால் குதிரை மாதிரி இஞ்சின். யாராவது இறங்கித்தான் ஆகணும். பழக்க தோஷத்தில் தங்கையா அக்காவைப் பார்த்தான்.

நவமணி முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வலது காலை முதலில் வைத்தாளா இடதையா என்று அவள் கவனிக்கவில்லை.

தங்கையா பின்னால் போய் வண்டியில் கை வைத்தான். "அக்கா... தள்ளட்டுமா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். அவன் பின்னால் நின்ற கூட்டத்துக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்:

"தள்ளு. ஆனா சும்மா தள்ளாத. யோசிச்சுக்கிட்டே தள்ளு."