எலுமிச்சை மஞ்சளும் கடல் நீலமும்

சுவரில் இரண்டு கட்டங்களை அடித்து வைத்துவிட்டு பெயிண்டர் டீ குடிக்கப் போய்விட்டார். இடப்பக்கம் எலுமிச்சை மஞ்சள், வலப்பக்கம் கடல் நீலம். எதிரே நின்ற தையல்காரர் இரண்டையும் மாறி மாறி முறைத்தார்.

அந்தச் சின்ன அறையில்தான் அவர் விடுமுறை மதியங்களில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார். இப்போது மனைவி அதைத் தன் அப்பாவுக்கு ஒதுக்கிவிட்டாள். சுவர் காய்ந்ததும் மாமனார் பெட்டியோடு வந்துவிடுவார். அவர் பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளி கிடையாது. வேண்டாம் என்று சொல்ல இவருக்கு நாக்கு எழவில்லை. நிறம் முடிவாகாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி.

மனைவி மஞ்சள் என்றாள். உடனே இவர் நீலம் என்றார்.

"சரி, உங்க இஷ்டம். நீலமே இருக்கட்டும்."

இப்படிப் பொசுக்கென்று ஒப்புக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வயதானவருக்கு நீலம் இருட்டாக இருக்குமே என்று பின்வாங்கினார்.

"அப்ப மஞ்சள்."

"மஞ்சள் கண்ணைக் குத்துமே."

"ஏங்க, உங்களுக்கு என்னதான் வேணும்?"

இரண்டையும் கலந்து பார்க்கலாம் என்றார். கலந்ததும் குளத்துப் பாசி நிறத்தில் மூன்றாவது கட்டம் ஒன்று முளைத்தது. நல்லவேளை, மாமனாரே தேடிப்பிடித்து அனுப்பிய அந்த பெயிண்டர் அவசரம் தெரியாத மனிதர். சுவரில் பூசிய பட்டி காயவில்லை, வெயிலில் ஒருதரம் பார்க்கணும், ட்யூப்லைட்டில் ஒருதரம் பார்க்கணும் என்று தினம் ஒரு காரணம் கொண்டுவந்தார். தையல்காரருக்கு அவர்மேல் பாசமே பிறந்துவிட்டது. நிறங்களை ஒப்பிடுகிற சாக்கில் அறைக்குள் நாற்காலி போட்டுச் சுகமாகக் குறட்டை விட்டார்.

அதை மனைவி பார்த்துவிட்டாள்.

"இது சரிப்படாது. அப்பாவே நேர்ல வந்து எந்தக் கலர்னு சொல்லட்டும். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிட்டேன்."

தூக்கம் பறந்தது. அவள் அடுப்படிக்குப் போனதும் தையல்காரர் பெயிண்டரின் காதருகே குனிந்தார்.

"அண்ணே, சனிக்கிழமையே நாலு சுவரையும் சுரண்டிப் போட்டுடுங்க. உள்ள யாரும் கால் வைக்க முடியக்கூடாது. எப்படியாவது இன்னும் ஒரு மாசம் இழுங்க."

பெயிண்டர் பிரஷ்ஷை நிதானமாக அலசினார்.

"இங்க வந்து இருக்கப் பிடிக்கல, மககிட்ட சொல்லவும் வாய் வரலன்னு உங்க மாமனார் கெஞ்சினாரேன்னு அவருக்காக ஏற்கெனவே இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன் சார், உங்களுக்குன்னு தனியா எப்படி இழுக்கறது?"